பறியைக் கடித்தவளைக் கூப்பிடக் கூடாது

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னிடம் நடுநிலை இல்லை என்று நீங்கள் குறைப்படக் கூடாது.

படத்தில் ஒரு பெண் ஈரச் சேலையோடு தண்ணீரிலிருந்து கரையேறுகிறாள். கழுத்தில் ஒரு சின்ன ஓலைக்கூடை தொங்குகிறது. வலது கையில் ஒரு பிடி இறால். எதிரே நிற்கும் அதிகாரியின் கைகளில் அதை வைக்கிறாள். அவர் லேசாகக் குனிந்து வாங்குகிறார், முகம் நிறையச் சிரிப்பு. கீழே ஒரு வரி: 'அரசுக்கு நன்றி கூறும் எண்ணூர் பழங்குடிப் பெண்.' படம் பத்திரிகையில் வந்தது, பிறகு என் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் வந்தது, இப்போது எண்ணூர் கழிமுகத்தின் கரையில் ஆளுயரப் பலகையாக நிற்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் ராமசெல்வி. அவள் நன்றி சொல்லவில்லை.

(இந்த இடத்தில் முதல் வரைவில் 'அவள் செய்தது ஒரு போர்' என்று எழுதியிருந்தேன். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

அவள் செய்தது என்ன என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் எழுதி முடிக்க வேண்டும். ஏன் திங்கட்கிழமை என்பது போகப்போகத் தெரியும்.

2

தொடக்கம் ஒன்று: 'எண்ணூர் கழிமுகத்தின் மேல் செம்பொன்னாய்ச் சூரியன்—'

வேண்டாம். எண்ணூரில் காலையில் முதலில் வருவது சூரியன் இல்லை, கன்டெய்னர் லாரி.

தொடக்கம் இரண்டு: 'தொன்றுதொட்டு இயற்கையோடு இயைந்து வாழும் இக்கழிமுகத்தின் பழங்குடிகளான இருளர்—'

இது நானே எழுதிய வாக்கியம்தான். ஆனால் கதைக்காக எழுதியது இல்லை, அரசாங்கப் பலகைக்காக எழுதியது. அதன் கீழே முத்திரையும் இருக்கிறது. எனவே இதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மெர்லின். ராயபுரம், கல்மண்டபம் பக்கம் வீடு. துறைமுகத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதை எழுதுவேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது, வாங்கியவர்கள் எல்லாரும் உறவுக்காரர்கள். எங்கள் மாதா கோயில் திருவிழா மலரில் நான் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் தீபன் என்ற பையன் வீடு தேடி வந்தான். சுற்றுலாத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த அலுவலர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப், நெற்றியில் வியர்வை.

"மேடம், பழங்குடியினரோடு ஒரு காலைன்னு ஒரு ஸ்கீம். டூரிஸ்ட் படகுல ஏறி அலையாத்திக் காட்டைச் சுத்திப் பார்ப்பாங்க. கடைசில இருளர் பெண்கள் கையாலயே இறால் பிடிக்கிறதைக் காட்டுவோம். பலகைக்கெல்லாம் தமிழ் வேணும். கொஞ்சம் இலக்கியமா இருக்கணும் மேடம், ஆனா புரியணும்."

"ரெண்டும் ஒண்ணா வராது தம்பி," என்றேன்.

"உங்களுக்கு வரும் மேடம்."

முகஸ்துதிக்கு மயங்காதவர் யார்? ஒப்புக்கொண்டேன்.

3

ஆட்களைப் பார்க்காமல் பலகை எழுதக் கூடாது என்று சேத்துமேட்டுக்குப் போனேன். (சேத்துமேடு என்று எண்ணூரில் ஊர் கிடையாது. கூகுளில் தேடாதீர்கள். நான் வைத்த பெயர். இன்றைக்கு அரசாங்கத்துக்கு எதிராக வாயைத் திறக்கும் ஊர் நாளைக்கு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.)

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம். நான்கு பெண்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் மண்டியிட்டு, சேற்றில் கையை விட்டுத் துழாவியபடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். நைட்டிக்கு மேல் புருஷன்மாரின் முழுக்கைச் சட்டை. ஒவ்வொருத்தியின் வாயிலும் ஒரு பறி.*

"ராமசெல்வி யாரும்மா? ராமசெல்வி!" என்று கரையில் நின்று சத்தம் போட்டேன்.

யாரும் திரும்பவில்லை. கரையில் குந்தியிருந்த ஒருத்திதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, இன்னா பண்ற நீ? பறி வாய்ல கீறவள யார்னா கூப்புடுவாங்களா?"

கூப்பிட்டால் வாய் திறக்கும், வாய் திறந்தால் பறி போகும். அதுகூடப் போகட்டும். கலங்கிய தண்ணீருக்குள் கைதான் கண். கவனம் சிதறினால் இறாலுக்குப் பதிலாகக் கெளுத்தியைப் பிடித்துவிடும், அதன் முள் உள்ளங்கையில் ஏறும். அதனால் பறியைக் கடித்தவளை யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால்கூட, அவளாகக் கரையேறிய பிறகுதான் சொல்வார்களாம்.

கொஞ்ச நேரத்தில் ராமசெல்வி ஏறி வந்தாள். கட்டை குட்டையான உடம்பு, கூர்மையான பார்வை. வாயிலிருந்து பறியை எடுத்துக் கழுத்தில் விட்டுக்கொண்டு, அதில் கையை விட்டு ஒரு பிடி இறாலை எடுத்து என் கையில் திணித்தாள். யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டு டப்பாவில் போட்டு ராயபுரம் கொண்டுவந்து வறுத்துச் சாப்பிட்டேன். பலகைக்கான வரைவில் 'வந்தவர்க்கு அன்பின் அடையாளமாக முதல் பிடியை அளிப்பர்' என்று எழுதினேன்.

அடுத்த முறை அதைப் படித்துக் காட்டியபோது ராமசெல்வி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"அன்பும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. ஏறி வரசொல்ல கரையில யாரு நிக்கிறாங்களோ அவுங்களுக்கு மொத புடி. நாயி நின்னா நாய்க்கு. குடுக்காம பூட்டா மறுநாளு கை வெறுங்கையா வரும். எங்க ஆளுங்க அப்டித்தான்."

"பிடிக்காதவங்க நின்னா?"

"நின்னா நின்னதுதான். கைக்கு இன்னா தெரியும்?"

நாய்க்கு நிகராக என்னை வைத்ததில் எனக்கு ஒரு நிமிடம் கோபம்தான். 'அன்பின் அடையாளமாக' என்பதை அடித்தேன். தீபன் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டான்.

* பறி: பனையோலையில் பின்னிய சின்னக் கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஓலை கிடைக்காத நாளில் பிளாஸ்டிக் பையையும் கடிக்கிறார்கள். திறப்பு விழாவில் பிளாஸ்டிக் கூடாது என்று உத்தரவு. படத்துக்கு ஓலைதான் அழகாம்.

4

ராமசெல்விக்கு ஒரே மகள், மோனிஷா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டும். நல்ல மதிப்பெண். பழங்குடி என்ற சாதிச் சான்றிதழ் இருந்தால் இடமும் விடுதியும் கிடைக்கும், இல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை கலந்தாய்வில் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்தக் கதையில் உள்ள ஒரே பிரச்சினை இதுதான். மற்றதெல்லாம் என் அலங்காரம்.

சான்றிதழ் தரும் அலுவலகத்தில் (எது என்று எழுத மாட்டேன்) அதிகாரி மோனிஷாவை நிற்க வைத்து விசாரித்திருக்கிறார். அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"இருளர்னா காட்டுல இருப்பாங்க. எண்ணூர்ல ஏதும்மா காடு?"

"நாங்க எப்பவும் இங்கதான் சார்."

"பாம்பு பிடிப்பியா?"

"இல்ல சார். பயாலஜி படிச்சிருக்கேன்."

சுடிதார் போட்டிருக்கிறாள், கையில் செல்போன் இருக்கிறது, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"காலண்டர்ல கீற மாறி எலய கட்டிகினு வந்தா குடுப்பாரு போல," என்றாள் ராமசெல்வி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கை மட்டும் மகளின் பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

தீபன் அங்கேதான் நுழைந்தான். படகுத்துறை கட்ட அவனுக்கு ஒரு கரை வேண்டும். சேத்துமேட்டுப் பெண்கள் தண்ணீரில் இறங்கும் துறைதான் அவனுடைய வரைபடத்தில் இருந்தது. மற்ற இடங்களில் சேறு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து இறுகிவிட்டது, கை இறங்காது. அந்த ஒரு இடத்தில்தான் இன்னும் மிருதுவாக இருக்கிறது. படகுத்துறை கட்டிவிட்டால், அந்தப் பெண்கள் சுற்றுலாக்காரர்கள் வரும் நேரத்தில் காட்டுவதற்காக மட்டும்தான் இறங்க முடியும். தங்களுக்கென்று இறங்க முடியாது.

"அக்கா, திறப்பு விழாவுக்கு அந்த சாரும் வர்றார்," என்றான் தீபன். "நீங்க தண்ணில இறங்கி கையால பிடிக்கிறதை நேர்ல பார்த்தா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நானே அவர்கிட்ட பேசுறேன். இந்தக் கரையை மட்டும் விட்டுக்குடுங்க."

ராமசெல்வி கழிமுகத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"தொறை போனா போவட்டும்," என்றாள். "பொண்ணு நர்ஸ் ஆவட்டும்."

அன்றைக்கு நான் எழுதிய பலகை வாக்கியத்தை ஒப்புதலுக்காகப் படித்துக் காட்டினேன். 'இக்கழிமுகத்தின் பழங்குடிகளான இருளர்' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இந்த போர்டுல கவர்மெண்ட்டு முத்திரை கீதா?"

"இருக்கும்."

"அப்ப போர்ட பேத்து எடுத்துகினு போயி அந்த ஆபீஸ்ல நிறுத்தலாமா?"

தீபன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

5

தீபன் என்னும் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை.

இந்த மாதிரிக் கதையில் அவன்தான் வில்லனாக இருக்க வேண்டும். முயன்றேன். 'அவனுடைய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நரியின்—' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அவன் கண்ணாடியே போடுவதில்லை. மேலும் அவன் நிஜமாகவே சான்றிதழ் பற்றிப் பேசினான். மூன்று தரம் அந்த அதிகாரிக்கு ஃபோன் செய்தான். நான் பக்கத்தில் இருந்தேன். 'பார்க்கலாம்ப்பா' என்று மூன்று தரமும் பதில் வந்தது. அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பதே அந்தத் திறப்பு விழாவில்தான் இருந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அதே நேரத்தில், பெண்களுக்குப் 'பாரம்பரிய உடை' என்று பச்சைக்கரைச் சேலையும் பாசிமணியும் வாங்கி வந்தவனும் அவன்தான்.

"தம்பி, பாசி நரிக்குறவங்க போடறது," என்றாள் ராமசெல்வி.

"பார்க்க நல்லாருக்கும்க்கா."

"அந்த சாரு பாத்துட்டு என்னிய நரிக்குறவர்னு எழுதிட்டா?"

அவனுக்கு அது தோன்றவே இல்லை. பாசிமணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். காது சிவந்திருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதத் தெரிந்தால் நான் பெரிய எழுத்தாளர் ஆகியிருப்பேன்.

படகுத்துறை மளமளவென்று எழுந்தது. பலகைகள் வந்தன. சான்றிதழ் வரவில்லை.

6

திறப்பு விழா காலை. இனி அடைப்புக்குறி இல்லாமல் எழுத முயல்கிறேன்.

பந்தல், நாற்காலி, பூ, ஒலிபெருக்கி. முதல் வரிசையில் பெரியவர்கள். இரண்டாம் வரிசையில் சான்றிதழ் அதிகாரி, வெள்ளைச் சட்டை, கையில் இளநீர். துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிய விருந்தாளிகளோடு படகு தயாராக நின்றது. ஓட்டுபவர் காசிமேட்டுக்காரர், கலீலுல்லா.

பச்சைக்கரைச் சேலையில் ராமசெல்வி என் பக்கம் வந்தாள்.

"யக்கா, பறிய கடிச்சிட்டா கூப்ட கூடாது. அது உனுக்குத் தெரியும். இவுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கேட்டாங்கன்னா நீ சொல்லு," என்றாள்.

நான்கு பெண்கள் இறங்கினார்கள். ராமசெல்வியும், அவள் நாத்தனார் ஞானசெல்வியும், இன்னும் இரண்டு பேரும். பறியைக் கடித்தார்கள். கைகள் தண்ணீருக்குள் போயின. கைத்தட்டல் கேட்டது. தலைக்கு மேல் ஒரு ட்ரோன் ரீங்காரமிட்டது.

"ராமசெல்வி அக்கா!" தீபன் மைக்கில் உற்சாகமாகக் கூவினான். "இப்போ நீங்க என்ன செய்றீங்கன்னு நம்ம விருந்தினர்களுக்குச் சொல்லுங்க!"

யாரும் திரும்பவில்லை.

"அக்கா! ஒரு வார்த்தை!"

நான்கு பேரும் வரிசையாக நகர்ந்து படகுத்துறைக்கு நேர் எதிரே வந்தார்கள். படகு போக வேண்டிய வழி அதுதான். அங்கேயே துழாவ ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்தது. அவர்கள் ஏறவில்லை. தீபன் கலீலுல்லாவுக்குக் கை காட்டினான், மெதுவாக எடு என்று. கலீலுல்லா எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"தண்ணில ஆளு கீது சார். நா ஓட்ட மாட்டேன்."

அப்போதுதான் மோனிஷா நடந்து வந்தாள். சுடிதார்தான் போட்டிருந்தாள். இரண்டாம் வரிசைக்கு நேராகப் போய் அதிகாரியின் முன்னால் நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது.

"சார், சர்டிபிகேட் வர்ற வரைக்கும் அம்மா ஏறாது சார்."

"என்னம்மா இது? மிரட்டுறீங்களா?"

"இல்ல சார். அம்மா வேல செஞ்சினு கீது," என்றவள் சட்டென்று திருத்திக்கொண்டாள். "வேலை செய்யறாங்க சார்."

முதல் வரிசையில் தலைகள் திரும்பின. அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார். தீபன் ஓடி வந்து மைக்கை என் கையில் திணித்தான். "மேடம், நீங்க சொன்னா கேப்பாங்க. ஏறி வரச் சொல்லுங்க. ப்ளீஸ் மேடம், என் வேலை போயிடும்."

மைக் கனமாக இருந்தது. நான் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள். சொன்னேன்: "பறியைக் கடித்தவர்களைக் கூப்பிடக் கூடாது. அவர்களாக ஏறும்வரை கரையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். இது இந்தத் துறையின் வழக்கம்."

கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

தட்டிய கைகள் ஓய்ந்தன. கடல் பக்கமிருந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மண்டியிட்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இடுப்பு, பிறகு மார்பு. நின்றுகொண்டே காலால் சேற்றைத் துழாவினார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. ஒலிபெருக்கியில் போட்ட பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தண்ணீரில் பெண்கள் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

நாலு பேரில் குட்டை ஞானசெல்விதான். தண்ணீர் அவள் மோவாயைத் தொட்டது. வாயில் கடித்திருந்த பறி மிதக்க ஆரம்பித்தது. அவள் அண்ணாந்து மூக்கால் மூச்சு விட்டாள். பறியை மட்டும் விடவில்லை. ராமசெல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி எழுந்தார். தண்ணீர் விளிம்புவரை நடந்து வந்தார். செருப்பு நனைந்தது.

"ஏறி வாம்மா," என்றார். "வர்ற வாரம் பொண்ணு கையில குடுத்துடறேன். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், போதுமா?"

ராமசெல்வி ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு ஞானசெல்வியின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கரையேறினாள்.

7

இங்கேதான் அந்தப் புகைப்படம்.

ஏறினாள். பறியை வாயிலிருந்து எடுத்துக் கழுத்தில் விட்டாள். கை உள்ளே போனது. ஒரு பிடி இறால். கரையில் நின்றிருந்தது யார்? அவர்தான். அந்த இடத்தில் வேறு ஒருவரும் இல்லை. கை அதுபாட்டுக்கு நீண்டது.

அவர் திகைத்தார், பிறகு புரிந்துகொண்டதுபோலச் சிரித்தார், குனிந்து வாங்கினார். கேமராக்கள் மின்னின. யாரோ 'சூப்பர் சார்' என்றார்கள். அவ்வளவு நேரமும் அங்கே என்ன நடந்தது என்பதை அந்த ஒரு பிடி இறால் மறைத்துவிட்டது. ராமசெல்வியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், ஆனால் கை காலியாகிவிட்டிருந்தது.

வருகிற வாரம் வந்து போய்விட்டது. மோனிஷா அலைகிறாள். சார் கேம்ப்பில் இருக்கிறார். சார் மீட்டிங்கில் இருக்கிறார். கள விசாரணை அறிக்கை வர வேண்டும்.

நேற்று மோனிஷா ஃபோனில் சொன்னாள்: "அக்கா, அந்த ஃபோட்டோவ ஃப்ரேம் போட்டு அவர் சீட்டுக்குப் பின்னால மாட்டிக்கீறாங்க. பழங்குடிப் பெண்ணுன்னு கீழ எழுதியே கீது. அதுக்கு அடியில குந்திகினு என்கிட்ட ஆதாரம் கேக்கறாங்க."

அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

8

முடிவுகள். ஒவ்வொன்றையும் ராமசெல்வியிடம் அவள் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டினேன். கதையில் வருகிறவளிடம் கதையைக் காட்டும் எழுத்தாளர் உருப்பட மாட்டார் என்று தெரியும்.

முடிவு அ: தண்ணீர் ஞானசெல்வியின் மோவாயைத் தொடும் நேரத்தில் அதிகாரி பந்தலிலேயே பேனா கேட்கிறார். கையெழுத்துப் போடுகிறார். தீபன் அழுகிறான். படகு ஹாரன் அடிக்கிறது.

"சினிமா மாறி சூப்பரா கீது," என்றாள் ராமசெல்வி. "இதுல நா யாரு?"

முடிவு ஆ: அவள் கரையேறுகிறாள். கை பறிக்குள் போகிறது. எதிரே அதிகாரி. அவள் விரல்களை மூடிக்கொள்கிறாள். ஒரு இறால்கூடக் கொடுக்காமல் அவரைத் தாண்டி நடந்துபோகிறாள். கேமராக்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. படிக்கும்போதே என் குரல் தழுதழுத்தது. அவள் முகம்தான் சுருங்கியது.

"குடுக்கலைன்னு எழுதாத."

"ஏன்டி? அந்த ஒரு பிடியாலதானே எல்லாம் போச்சு?"

"போச்சுதான். ஆனா குடுக்காம போனேன்னு எழுதினா நா எப்டி இருளச்சி?" என்றாள். "அந்த சாரு இன்னா கேட்டாரு? நெசமாவே நாங்க இருளருதானான்னு. அத்தத்தான் அவுரு கையில வெச்சேன். அவுருக்குத் தெரில. நன்றின்னுட்டாரு."

எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

முடிவு இ: 'திங்கட்கிழமை காலை மோனிஷா கலந்தாய்வுக்கு'

இதற்கு மேல் ஓடவில்லை. அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

"யக்கா," ராமசெல்வி கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "நீ எழுதறதுல என்னிய ஏத்திவுட்டுத்தான் ஆவணுமா?"

"புரியல."

"அன்னிக்கி ஞானசெல்வி மூச்சு முட்டினு இருந்தா, அதால ஏறிட்டேன். ஏறுனது தப்பில்ல. அவ செத்துட்டா சர்டிபிகேட்ட வெச்சி இன்னா பண்றது? ஆனா உன் கதையில தண்ணி உன் கையிலதான கீது? நெஞ்சு வரைக்கும் நிறுத்திக்கோ. அதுக்கு மேல ஏத்தாத. எங்க நாலு பேரையும் அங்கியே நிக்க வெய்யி. பறி வாயிலயே இருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

9

அதனால் ஏழாம் பகுதியைக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிடுங்கள். ஆறாம் பகுதியின் கடைசியையும் மறந்துவிடுங்கள். அதிகாரி இன்னும் எழுந்திருக்கவில்லை, இளநீரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரை நெஞ்சளவில் நிறுத்திவிட்டேன். கடலிடம் கேட்டால் நடக்காது. கதையில் எழுதுகிறவளுக்கு இந்த ஒரு அதிகாரமாவது உண்டு.

கலீலுல்லா எஞ்சினைப் போடவில்லை. தீபன் மைக்கைத் தேடிக்கொண்டிருக்கிறான், அது என்னிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன். மோனிஷா இரண்டாம் வரிசைக்கு முன்னால் நிற்கிறாள். நான்கு பெண்கள் பறியைக் கடித்தபடி வேலை செய்கிறார்கள்.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. அது என்னுடையதும் இல்லை. ஒரு மேசைமேல், ஒரு புகைப்படத்துக்கு அடியில், ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கிறது.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்து வந்துவிட்டீர்கள், கரையில்தான் நிற்கிறீர்கள். ராமசெல்வியைக் கூப்பிடாதீர்கள், திரும்ப மாட்டாள். கூப்பிட வேண்டிய ஆள் நாற்காலியில் இருக்கிறார். என்றைக்காவது அவளாக ஏறி வருவாள். வந்ததும் அவள் கை பறிக்குள் போகும், கரையில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் நீளும். வாங்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து அதை நன்றி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.